மண் வள அட்டையைப் படிப்போம்: பெட்டிக்குள் கிடக்கும் நம் வயலின் கணக்கு



சேமிப்பு நோட்டைப் படிக்கக் கற்றோம். வங்கிப் பாஸ்புக்கைப் படிக்கக் கற்றோம். கடன் மனுவில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் கற்றோம். இந்த மாதம் இன்னொரு தாளைப் படிக்கப் போகிறோம். நம்மில் பலர் வீட்டில் அது இருக்கிறது. யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதுதான் மண் வள அட்டை.

ஒரு குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். உரம் வாங்கக் கடன் கேட்டு ஒரு உறுப்பினர் மனு கொடுத்தார். கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் போடுகிற குடும்பம். ஒவ்வொரு போகத்துக்கும் இதே கடன்தான். அறுவடை முடிந்ததும் கட்டுவார், அடுத்த நடவுக்கு மறுபடி கேட்பார். அன்றைக்குக் குழுவின் செயலாளர் கேட்டார்:

"மதினி, எத்தனை மூட்டை போடணும்னு யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? கடைக்காரர் எழுதிக் கொடுப்பாரு. பக்கத்து வயக்காரர் போடுறதைப் பார்த்து அவுகளும் போடுவாக."

"உங்க வயலுக்கு மண்ணு பாத்து அட்டை கொடுத்தாங்களே, அது இருக்கா?"

"இருக்கும்மா. ரேஷன் கார்டு கூடப் பெட்டியில கிடக்கு. அது என்னத்துக்கு வந்துச்சுன்னே தெரியலை."

அந்தக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் எங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே கதைதான். பத்து வருஷத்துக்கு மேலாக உரக் கடனுக்குத் தீர்மானம் போட்டு வருகிறோம். ஒரு தடவையாவது "அட்டையைக் கொண்டு வாங்க" என்று நாம் கேட்டதில்லை. இது நம் குறைதான். அந்தக் குறையைச் சரி செய்யத்தான் இந்தப் பாடம்.

இந்த அட்டை எப்படி வந்தது?

மண் வள அட்டைத் திட்டத்தை மத்திய அரசு 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் தொடங்கியது. நாடு முழுவதும் வயல்களில் மண் எடுத்து, பரிசோதனைக் கூடத்தில் பார்த்து, ஒவ்வொரு விவசாயிக்கும் முடிவை எழுதிக் கொடுப்பது திட்டம். நம் மாநிலத்தில் வேளாண்மைத் துறை இந்த வேலையைச் செய்கிறது. நாம் டெப்போ என்று சொல்கிற வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிறார்கள் அல்லவா? அதுபோல இது மண்ணின் ரிப்போர்ட். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமல் யாராவது மாத்திரை வாங்கிப் போடுவோமா? ஆனால் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போடுகிறோம்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

மேலே விவசாயியின் பெயர், ஊர், சர்வே எண், மண் எடுத்த தேதி இருக்கும். அதன் கீழே 12 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு அளவு. பக்கத்தில் குறைவு, மத்தியம், அதிகம் என்று ஒரு சொல். எண் புரியாவிட்டாலும் அந்தச் சொல்லைப் படித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். 12 வரிகளையும் நான்கு கூட்டமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் கூட்டம், மண்ணின் குணம். இதில் மூன்று வரிகள்.

கார அமில நிலை: இது 7 என்றால் நடுநிலை. 6.5-க்குக் கீழே போனால் புளிப்பு மண். 8.5-க்கு மேலே போனால் களர். களர் மண்ணில் எவ்வளவு உரம் போட்டாலும் பயிர் எடுத்துக்கொள்ளாது. முதலில் ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணைச் சரி செய்ய வேண்டும். அதன் பிறகுதான் உரம்.

உப்பின் அளவு: இது 1-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. மேலே போனால் உவர். முளைப்பு கெடும்.

அங்ககக் கரிமம்: மண்ணின் உயிர் இதில்தான் இருக்கிறது. 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு. 0.75-க்கு மேலே என்றால் நல்லது. தொழுவுரம், மக்கு உரம், பசுந்தாள் உரம், ஆட்டுக்கிடை இவைதான் இதைக் கூட்டும். கடையில் வாங்குகிற யூரியா கூட்டாது. நம் கரிசல் காட்டில் கிடை போட்ட நிலத்துக்குப் பெரியவர்கள் ஏன் அத்தனை மதிப்புக் கொடுத்தார்கள் என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

இரண்டாம் கூட்டம், பேரூட்டச் சத்து: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. தழைச்சத்து யூரியாவில் இருக்கிறது. மணிச்சத்து டி.ஏ.பி.யிலும் சூப்பரிலும் இருக்கிறது. சாம்பல் சத்து பொட்டாஷில் இருக்கிறது. தழைச்சத்து எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கணக்கு.

மூன்றாம் கூட்டம் ஒரே வரி: கந்தகம்.

நான்காம் கூட்டம், நுண்ணூட்டம்: துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். இவை சமையலில் உப்பு மாதிரி. கொஞ்சம்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொஞ்சமும் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். நெல் நட்டு இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் வளராமல் நிற்கும். "சத்து பத்தலை" என்று இன்னும் ஒரு மூட்டை யூரியா போடுவோம். குறை துத்தநாகத்தில் இருந்தால் யூரியா போட்டு என்ன பயன்? ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவினால் போதும். அதை டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டும் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

ஏக்கரா, எக்டேரா?

இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள். முடிந்தால் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள்.

அட்டையிலும் அரசுக் கையேடுகளிலும் உரப் பரிந்துரையைப் பெரும்பாலும் எக்டேர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். நாம் பேசுவது ஏக்கர் கணக்கு. ஒரு எக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் (2.47 ஏக்கர்). எக்டேருக்கு எழுதிய அளவை ஏக்கருக்குப் போட்டால் இரண்டரை மடங்கு உரம் போட்டுவிடுவோம்.

குறுகிய கால நெல்லுக்கு எக்டேருக்குத் தழை 120, மணி 40, சாம்பல் 40 கிலோ என்று பரிந்துரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது சத்தின் எடை, மூட்டையின் எடை அல்ல. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து சுமார் 21 கிலோதான். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் தழை 9 கிலோ, மணி 23 கிலோ. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் சாம்பல் சத்து 30 கிலோ.

இப்போது ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போடுவோம்.

1. 120-ஐ 2.47-ஆல் வகுத்தால் தழை சுமார் 48 கிலோ. 40-ஐ வகுத்தால் மணியும் சாம்பலும் தலா 16 கிலோ.

2. மணி 16 கிலோவுக்கு 35 கிலோ டி.ஏ.பி. போதும். அதிலேயே தழை 6 கிலோ வந்துவிடும்.

3. மீதித் தழை 42 கிலோ. அதற்கு இரண்டு மூட்டை யூரியா.

4. சாம்பல் 16 கிலோவுக்கு 27 கிலோ பொட்டாஷ்.

ஆக, ஒரு ஏக்கருக்கு யூரியா 2 மூட்டை, டி.ஏ.பி. 35 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ.

எக்டேர் அளவை ஏக்கர் என்று நினைத்துப் போட்டால் என்ன ஆகும்? யூரியா 5 மூட்டை, டி.ஏ.பி. 87 கிலோ, பொட்டாஷ் 67 கிலோ. யூரியாவில் மட்டும் 3 மூட்டை அதிகம். யூரியா மூட்டை ஏறக்குறைய 270 ரூபாய், டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய் என்று வைத்தால், இந்த இரண்டிலேயே ஏக்கருக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வீண். பொட்டாஷ் தனி. அந்தப் பணம் குழுவில் வாங்கிய கடனாக இருந்தால் அதற்கு வட்டியும் நாம்தான் கட்டுகிறோம்.

மேலே சொன்ன மதினி வீட்டில் நடந்தது இதுதான். அட்டையை வாங்கிய நாளில் வீட்டுக்காரர் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார். எக்டேர் என்ற சொல்லைப் பார்க்கவில்லை. "அரசாங்கமே 120 போடச் சொல்லுது" என்று முன்பு போட்டதை விடக் கூடுதலாகப் போட்டு வந்திருக்கிறார். படிக்காமல் விட்டது ஒரு நஷ்டம், அரைகுறையாகப் படித்தது அதைவிடப் பெரிய நஷ்டம். குழுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு அடுத்த போகத்தில் குறைத்தார்கள். விளைச்சல் குறையவில்லை. கடன் மனுவில் தொகை குறைந்தது. அன்றைக்கு அந்த மதினி சொன்னது: "எட்டாங்கிளாஸ் படிக்கிற என் மகளை வச்சு நானே கணக்குப் போட்டுட்டேன்."

இன்னொரு விஷயம். யூரியாவை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. அடியுரமாகக் கொஞ்சம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று பிரித்துப் போட வேண்டும். மணிச்சத்து முழுவதும் அடியுரம்தான்.

யாருடைய வயலில் எடுத்த மண்?

அட்டை அரசு கொடுத்தது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த மண்ணை எங்கே எடுத்தார்கள்?

திட்டம் தொடங்கியபோது ஒவ்வொரு வயலிலும் மண் எடுக்கவில்லை. கட்டம் கட்டமாகப் பிரித்து எடுத்தார்கள். பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒரு மாதிரி. அதாவது ஆறு ஏக்கருக்கு ஒன்று. மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒரு மாதிரி; அதாவது ஏறக்குறைய 25 ஏக்கருக்கு ஒன்று. அந்தக் கட்டத்துக்குள் நிலம் உள்ள எல்லோருக்கும் அதே முடிவுதான் அட்டையில் வந்தது.

நம் பக்கத்து நிலத்தை நினைத்துப் பாருங்கள். மலையடிவாரத்தில் செவல், கிழக்கே போகப் போகக் கரிசல். ஒரே ஓடைக்கு இந்தப் பக்கம் தென்னை, அந்தப் பக்கம் பருத்தி. கண்மாய்க்கு அடியில் ஒரு வயல், மேட்டில் ஒரு வயல். ஒருவர் வயல் உவர் பூத்துக் கிடக்கும், வரப்புக்கு அந்தப் பக்கம் நன்றாக இருக்கும். இருவருக்கும் ஒரே அட்டை பொருந்துமா?

எங்கள் உறுப்பினர் ஒருவர் அட்டையில் உப்பின் அளவு சரி என்று இருந்தது. ஆனால் அவர் வயலின் தெற்கு மூலையில் விதை முளைப்பதே இல்லை. கேட்டுப் பார்த்ததில் மண் எடுத்தது வேறொருவர் வயலில். அட்டை பொய் சொல்லவில்லை. அது பக்கத்து வயலைப் பற்றிச் சொன்னது. ஆகவே அட்டையை வாங்கியதும் சர்வே எண்ணையும் தேதியையும் பாருங்கள். நம் எண் இல்லையென்றாலோ, தேதி மூன்று வருஷத்துக்கு முந்தியது என்றாலோ, நாமே மண் எடுத்துக் கொடுத்துப் புது முடிவு வாங்குவது நல்லது.

நாமே மண் எடுப்போம்

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மண்வெட்டி, பிளாஸ்டிக் வாளி, துணிப்பை போதும். துணிப்பைக்கு நம் ஊரில் பஞ்சமா? நைட்டி தைத்து மிச்சமான வெட்டுத் துணியில் ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். துவைத்துக் காய வைத்த துணியாக இருக்கட்டும். காலி உரச் சாக்கில் மட்டும் போடாதீர்கள். சாக்கில் ஒட்டிய உரம் முடிவையே மாற்றிவிடும்.

1. அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு எரு போடும் முன்பு, கோடையில் எடுக்க வேண்டும். உரம் போட்ட கையோடு எடுக்கக் கூடாது.

2. வரப்பு ஓரம், வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக்குப்பை கிடந்த இடம், தண்ணீர் தேங்கும் இடம் இவற்றை விட்டுவிடுங்கள்.

3. மேலே கிடக்கும் சருகு, புல்லை அகற்றுங்கள். மேல் மண்ணைச் செதுக்கி எறிய வேண்டாம்.

4. 'வி' வடிவத்தில் குழி வெட்டி, அந்த மண்ணை வெளியே எடுத்துவிட்டு, குழியின் இரண்டு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். நெல்லுக்கு அரை அடி ஆழம். பருத்தி, கரும்பு, வாழைக்கு முக்கால் அடி. தென்னை, மா தோப்புக்கு ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று மூன்று ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

5. ஏக்கருக்கு 10 முதல் 15 இடத்தில் இப்படி எடுத்து வாளியில் கலக்குங்கள். செவலையும் கரிசலையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. உவர் பூத்த மூலை இருந்தால் அதற்குத் தனிப் பை.

6. கலந்த மண்ணை வட்டமாகப் பரப்பி நாலு பாகமாகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளிவிடுங்கள். மீதியை மறுபடி கலந்து பிரியுங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இப்படிச் செய்யுங்கள்.

7. நிழலில் உலர்த்துங்கள். பையில் ஒரு சீட்டு: பெயர், ஊர், சர்வே எண், போன போகத்தில் என்ன பயிர், அடுத்து என்ன பயிர், கிணறா கண்மாயா மானாவாரியா, போன் நம்பர்.

நுண்ணூட்டமும் பார்க்க வேண்டும் என்றால் இரும்பு படாமல் மரக் குச்சியால் சுரண்டி எடுப்பது நல்லது.

பையை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரிடம் கொடுத்து, எப்போது முடிவு வரும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு புரியாவிட்டால் கேட்பதற்கு நமக்கு இன்னும் இரண்டு இடம் உண்டு. வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். நம் மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம் அருப்புக்கோட்டையில் இருக்கிறது.

கூடினாலும் கெடுதல்தான்

"கொஞ்சம் கூடப் போட்டா என்ன, மண்ணுக்குள்ளதானே இருக்கப் போகுது" என்று சொல்வார்கள். இருக்காது. யூரியா தண்ணீரில் கரைந்து ஓடுகிற பொருள். பயிர் எடுத்தது போக மீதி மூன்று வழியில் போகும். கொஞ்சம் காற்றில் போகும். கொஞ்சம் கீழே இறங்கிக் கிணற்றில் சேரும். கொஞ்சம் மழையில் அடித்துக்கொண்டு ஓடும்.

முதல் கெடுதல் பயிருக்கே. தழைச்சத்து மிஞ்சினால் நெல் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும். பார்க்க அழகு. புகையான் பூச்சிக்கும் அதுதான் பிடிக்கும். காற்றடித்தால் சாயும். பிறகு பூச்சி மருந்துக்கு ஒரு கடன்.

இரண்டாவது கெடுதல் நம் வீட்டுக் குடத்துக்கு. கிணற்றில் சேர்ந்த தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மிஞ்சினால் பால்புட்டியில் அந்தத் தண்ணீர் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. உடம்பு நீலம் பாய்ந்துவிடும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊராட்சியில் அந்த 5 பேர் யார், பெட்டி எங்கே என்று கேளுங்கள்.

மூன்றாவது கெடுதல் நாம் பார்க்காத இடத்தில். நம் பக்கத்து ஓடைகளும் ஆறுகளும் வைப்பாற்றில் சேர்கின்றன. வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தில் சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அங்கே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. 1986-ல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மீன் குஞ்சு வளர்கிற தொட்டில் அது. வயலில் இருந்து ஓடும் உரச்சத்து கடலோரத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பாசி பெருகும். பாசி அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு குறையும். மீனுக்கு மூச்சு முட்டும்.

கடற்கரை ஊர்களிலும் நம்மைப் போல மகளிர் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டு ஆண்களுக்கும் அரசுக் கணக்கு ஒன்று வருகிறது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் செயற்கைக்கோள் வைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் மீன் கூடியிருக்கும் என்று தகவல் தருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்று தடையும் இருக்கிறது. அந்த 61 நாளும் வருமானம் இல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள், மீன் பெருகட்டும் என்று. அவர்கள் கட்டுப்பாடு நம் வீட்டு மீன் குழம்பு வரை வருகிறது. நாம் மிச்சம் பிடிக்கிற மூட்டையும் அவர்கள் கடல் வரை போகும்.

அட்டையில் யார் பெயர்?

நாற்று நடுவது நாம். களை எடுப்பது நாம். உரத்தைக் கூடையில் சுமப்பதும் பல வீட்டில் நாம்தான். ஆனால் அட்டையில் யார் பெயர் இருக்கிறது? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் நிலம் வைத்துச் சாகுபடி செய்வோர் என்று பதிவானவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம். நூறு பேர் ஏட்டில் 14 பேர்தான் நாம். வயலில் போய் எண்ணினால் அப்படியா இருக்கிறது?

பெயர் ஏட்டில் இல்லாவிட்டால் தகவல் நம்மிடம் வராது. அதனால் இரண்டு காரியம் உடனே செய்யலாம். மண் மாதிரி கொடுக்கும்போது வீட்டில் யார் போன் எப்போதும் கையில் இருக்குமோ, யார் படித்துப் பார்ப்பாரோ, அந்த நம்பரைக் கொடுங்கள். உங்கள் பெயரில் நிலம் இருந்தால் பட்டாவில் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். அப்பா, வீட்டுக்காரர் காலமான பிறகும் பழைய பெயரிலேயே கிடக்கும் பட்டாக்கள் நம் குழுக்களில் நிறைய.

இதே போல இன்னும் இரண்டு கணக்கு

மண் அட்டையைப் படிக்கப் பழகினால் மற்றவையும் எளிதுதான்.

ஒன்று, வானிலை. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் விவசாயிகளுக்கு மாவட்ட வாரியாக வானிலை அறிவுரை வருகிறது. அடுத்த ஐந்து நாள் மழை இருக்கிறதா, காற்று எப்படி என்று அதில் இருக்கும். நாளை மழை என்று தெரிந்தால் இன்றைக்கு யூரியா தூவ மாட்டோம்.

இரண்டு, நிலத்தடி நீர். வருஷத்துக்கு ஊறுகிற தண்ணீர் எவ்வளவு, எடுப்பது எவ்வளவு என்று நம் மாநிலத்தில் குறுவட்டம் வாரியாகக் கணக்கிடுகிறார்கள். ஊறுவதில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு. 70 முதல் 90 வரை பாதி அபாயம். 90 முதல் 100 வரை அபாயம். 100-க்கு மேல் என்றால் சேமிப்பை விட அதிகமாகக் கடன் வாங்கிய குடும்பம் மாதிரி. நம் குறுவட்டம் எதில் இருக்கிறது என்று கிராம சபையில் கேட்க நமக்கு உரிமை உண்டு. புது ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் கேட்கும் முன் இதைக் கேட்டாக வேண்டும்.

குழுவில் நாம் செய்ய வேண்டியது

1. அடுத்த கூட்டத்துக்கு நிலம் உள்ள எல்லோரும் மண் வள அட்டையைக் கொண்டு வாருங்கள். இல்லாதவர் பட்டியலை எழுதி விரிவாக்க மையத்தில் மொத்தமாகக் கொடுப்போம்.

2. உரக் கடன் மனுவோடு அட்டையும், ஏக்கர் கணக்கில் எழுதிய உரப் பட்டியலும் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போடலாம். கடனை மறுப்பதற்கு அல்ல, கடனைக் குறைப்பதற்கு. அட்டை இல்லை என்பதற்காக யாருக்கும் கடன் நிற்கக் கூடாது.

3. உரம் வாங்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். கேட்காத பொருளைத் தலையில் கட்டினால் "வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லப் பழகுங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் சொல்லும் தைரியம் வரும்.

4. ஒரு ஏக்கரில் முழுவதும் மாற்றப் பயமாக இருந்தால் பத்து சென்டில் மட்டும் அட்டைப்படி உரம் போட்டுப் பாருங்கள். அறுவடையில் இரண்டையும் எடை போட்டு, கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். கூடினாலும் சொல்லுங்கள், குறைந்தாலும் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்

- நம் வீட்டில் எத்தனை மூட்டை உரம் என்று முடிவு செய்வது யார்? எதை வைத்து?
- எக்டேருக்குத் தழை 80 கிலோ என்று பருத்திக்கு எழுதியிருந்தால் நம் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு? எத்தனை மூட்டை யூரியா? (விடை: தழை சுமார் 32 கிலோ. யூரியா மட்டும் போட்டால் ஒன்றரை மூட்டை. டி.ஏ.பி. போட்டால் இன்னும் குறையும்.)
- நம் அட்டையில் அங்ககக் கரிமம் குறைவா, மத்தியமா? அதைக் கூட்ட இந்த வருஷம் என்ன செய்யலாம்?
- போன வருஷம் நம் குழு கொடுத்த உரக் கடன் மொத்தம் எவ்வளவு? அதில் எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கலாம்?

கடைசிக் கேள்விக்கு விடையைக் கணக்குப் புத்தகத்தில் இருந்து எடுத்து எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுவின் தொகையையும் சேர்த்துப் பார்ப்போம். பெட்டிக்குள் கிடந்த அந்த ஒரு தாளின் விலை எவ்வளவு என்று அப்போது நமக்கே தெரியும்.